ஏடிஎம் அட்டையைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

தங்கச்சி கல்யாணத்துக்கு அவசரமாக 3,000 வெள்ளி தேவைப்பட்டது. வாட்ஸ்அப்பில் வந்த கடன் விளம்பரத்தை நம்பி அடையாள அட்டைப் படத்தையும் வீட்டு முகவரியையும் அனுப்பிவிட்டேன். சிங்கப்பூரில் உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர்கள் வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்யவே கூடாது, மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டியும் வாங்க முடியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கணக்கில் விழுந்தது 600 வெள்ளி. ஒரே வாரத்தில் 1,200 கட்டு என்றார்கள்.

கட்டினேன். தாமதமாகிவிட்டது, இன்னும் 800 என்றார்கள். முடியாது என்று சொன்ன மூன்றாம் நாள் விடியற்காலை கதவைத் திறந்தால் சிவப்புச் சாயம், அதுவும் என் கதவில் இல்லை, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் கதவில். செருப்பு அலமாரிக்கு அடியில் ஓடி அவருடைய பாண்டான் செடித் தொட்டி வரைக்கும் வந்து உறைந்திருந்தது. தின்னர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன். "அண்ணே, காசே வேணாம், உங்க ஏடிஎம் அட்டையும் பின் நம்பரும் குடுங்க, கணக்க முடிச்சிடலாம்."

இங்கேதான் கவனம் தேவை. அந்த அட்டை சட்டவிரோதக் கடன் தொழிலுக்குப் பயன்பட்டால், நீங்களும் உதவினீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. முதல் தடவையே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

போலீஸில் புகார் கொடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: சாயம் ஊற்றுபவன் ஒருவன், போனில் மிரட்டுபவன் இன்னொருவன், வங்கிக் கணக்கு என்னைப் போலக் கடனில் மாட்டிய யாரோ ஒருவருடையது. தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைக் குற்றங்கள், ஒருவன் பிடிபட்டால் மறுநாளே வேறொருவன் வருவான், மேலே இருப்பவன் கையில் ஒரு துளி சாயமும் ஒட்டாது. அமெரிக்காவில் மாஃபியா தலைவர்கள் உத்தரவு மட்டும் போட்டுவிட்டு இப்படித்தான் தப்பித்தார்கள். அதனால்தான் 1970ல் ரிக்கோ சட்டம் வந்தது. ஒரு அமைப்பின் தொழிலாகவே குற்றங்கள் தொடர்ந்து நடந்தன என்று காட்டினால், அந்த அமைப்பை நடத்தியதே தனிக் குற்றம், 20 ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரிலும் திட்டமிட்ட குற்றங்களுக்கான சட்டம் 2016 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. தெரிந்தே அப்படிப்பட்ட கும்பலில் சேர்ந்திருந்தாலே 5 ஆண்டு வரை உள்ளே போகலாம்.

கும்பலைக் கோத்துப் பார்க்க போலீஸுக்கு ஒவ்வொரு நூலும் வேண்டும், அதனால் பயத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். போன் எண்கள், குரல் பதிவுகள், 600 வெள்ளி வந்த கணக்கு எண் எல்லாவற்றையும் அப்படியே கொடுத்துவிட்டேன். பாட்டி கதவுக்குச் சனிக்கிழமை நானே சாயம் அடிக்கப் போகிறேன்.