ஓபன்ஸ்ட்ரீட்மேப்: கடையை விடுங்க, குளத்தை வரையுங்க

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடம். இது எதற்கெல்லாம் உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்துவிட்டோம் என்று யாரும் வர வேண்டாம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இப்போது நெரிசல் இருக்கிறதா என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப் சொல்லாது. கதவு எண்ணைப் போட்டு வீடு தேடினால் எங்கள் பக்கம் பெரும்பாலும் கிடைக்காது. எந்த ஓட்டலில் பரோட்டா நன்றாக இருக்கும் என்கிற நட்சத்திர மதிப்பெண் அதில் இல்லை, வரவும் வராது, ஏனென்றால் நேரில் போய்ச் சரிபார்க்கக் கூடியதை மட்டும்தான் அதில் ஏற்றலாம், அபிப்பிராயத்தை ஏற்றக் கூடாது. நானே திருநெல்வேலி டவுனுக்கு வண்டியில் போகும்போது கூகுள் மேப்ஸைத்தான் திறக்கிறேன். ஆனாலும் சில வருடங்களாக, நேரம் கிடைக்கும்போதெல்லாம், பாளையங்கால்வாய்ப் பக்கத்து எங்கள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் இதில் வரைந்துகொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்த நாட்டு அரசு வரைபடத் தரவைக் காசு கொடுக்காமல் வாங்க முடியாத காலம், அதனால் நாமே அளந்து வரைந்துகொள்வோம் என்று ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பவர் வேறு, வரைபவர் வேறு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நாம் ஏற்றியதை யார் வேண்டுமானாலும் மொத்தமாக இறக்கி, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அச்சடிக்கலாம், செயலி செய்யலாம், பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டலாம். எனக்கு இதில் பிடித்தது இதுதான். வேறு நிறுவனத்தின் வரைபடத்துக்கு நாம் திருத்தம் அனுப்பினால் அது அவர்கள் சொத்தாகப் போய்விடும், அதை மொத்தமாகத் திருப்பி எடுக்க வழியில்லை.

ஆரம்பிப்பது எளிதுதான். உலாவியிலேயே ஐடி (iD) என்ற எடிட்டர் இருக்கிறது, செயற்கைக்கோள் படத்தைக் கீழே வைத்து மேலே கோடு போட வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிங் படத்தைப் பார்த்து வரையலாம், 2010லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்து ஒரு தெருப் பெயரைக் கூட எடுக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். ஒரு விஷயம்: எந்தப் படமாக இருந்தாலும் சில மீட்டர் தள்ளி இருக்கலாம், அதனால் நடந்து போய்ப் பதிவு செய்த ஜிபிஎஸ் தடத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படத்தை நகர்த்திவைத்துவிட்டு வரையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுக்கொண்டால் அதுவே கேள்வி கேட்கும், நாம் பதில் சொன்னால் போதும். இந்தச் சாலை தாரா மண்ணா, இங்கே தெருவிளக்கு உண்டா மாதிரிக் கேள்விகள் நமக்கும் பொருந்தும். நடைபாதையே இல்லாத ஊரில் நின்றுகொண்டு, பார்வையற்றோருக்கான தொடுதரை பதித்திருக்கிறதா என்று அது கேட்கும்போது மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. வேண்டாத கேள்விகளை செட்டிங்ஸில் போய் அணைத்துவிடலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் கடைகளைத்தான் குறிப்பார்கள், உடனே கண்ணில் படுகிற பலன் அதில்தான் இருக்கிறது. என் கருத்து, அதை விட்டுவிடுங்கள். எங்கள் பஜாரில் செல்போன் கடை இருந்த இடத்தில் அடுத்த வருடம் டீக்கடை, அதற்கடுத்த வருடம் பூட்டிய ஷட்டர். எவ்ரி டோர் என்கிற செயலியில் கடைசியாகச் சரிபார்த்த தேதி போடும் வசதி இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு தெருவை வருடா வருடம் திரும்பப் பார்க்க ஆள் வேண்டுமே. கடையின் விவரத்தைப் புதுப்பிக்கக் கடைக்காரருக்கே ஆசை உண்டு, அவர் அதைக் கூகுளில் செய்துகொள்வார். குளத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

குளம் என்று நான் சொல்வது தாமிரபரணிப் பாசனக் குளங்களை. ஆற்றில் வரிசையாக அணைக்கட்டுகள், கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று. ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரியும், கால்வாயிலிருந்து குளம், ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். இதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்து வெளியூர்க்காரர் வரைந்தால் எப்படி வரும் தெரியுமா? படம் கோடையில் எடுத்ததாக இருக்கும். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். அவர் அதைப் புதர்க்காடு என்று குறிப்பார், அல்லது வயல் என்று. அவர்மேல் குற்றமில்லை, கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். நாம் அதை நீர்நிலை என்று மாற்றி, பருவத்தில் மட்டும் நீர் இருக்கும் என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். ஐடியில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, டிக் போட்டால் போதும், வரைபடத்தில் குளம் தெரிகிற விதமே மாறிவிடும்.

கரைப் பக்கம் வரைவது சுலபம், கோடு மாதிரி நிற்கும். தண்ணீர் பரந்து நிற்கும் உள்வாய்ப் பக்கம்தான் சிக்கல். குளம் நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது கோடைப் படத்தில் தெரியாது, அந்த ஓரத்தில் யாராவது உழுது பயிர் வைத்திருந்தால் இன்னும் குழப்பம். இதற்கு நான் கண்ட வழி, ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்கள். துல்லியம் குறைவு, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர், ஆனால் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப் படம், இலவசம், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பயன்படுத்தவும் தடையில்லை. வடகிழக்குப் பருவமழை நல்லபடியாகப் பெய்த வருடத்தில், மேகம் விலகிய ஜனவரிப் படம் ஒன்றைப் பிடித்தால் நிறைகுளத்தின் ஓரம் கிடைத்துவிடும். குளத்தின் வடிவத்தை அதிலிருந்தும் கரையின் நுணுக்கத்தைப் பிங்கிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

படம் சொல்லாத இன்னொன்று, நீர் ஓடும் திசை. இதில் கால்வாயை வரையும்போது தண்ணீர் ஓடும் திசையிலேயே கோட்டை இழுக்க வேண்டும், அது விதி. பெரிய கால்வாய்க்குப் பரவாயில்லை. இரண்டு குளத்துக்கு நடுவில் ஓடும் சின்ன ஓடையில் எது மேல் குளம், எது கீழ்க் குளம்? தரை கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், நின்று பார்த்தாலும் தெரியாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பெரியவர்களைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள், மடைக்கு மடை பெயரோடு. "எதுக்குத் தம்பி இதெல்லாம் எழுதுதீய, சர்க்கார்ல இருந்து வந்திருக்கியளா?" என்ற கேள்வி மட்டும் கட்டாயம் வரும். இல்லை தாத்தா, நான் இன்னார் வீட்டுப் பையன் என்று சொந்தம் சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு நடக்கும். இந்த வேலையை ஹைதராபாத்திலோ ஹாம்பர்க்கிலோ உட்கார்ந்து யாரும் செய்ய முடியாது.

இதெல்லாம் எதற்கு என்றால், 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது, திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலும் குளங்கள் வரிசையாக உடைந்தன. எந்தக் குளம் உடைந்தால் தண்ணீர் எந்த ஊருக்குள் வரும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், வெளியிலிருந்து படகோடு வருபவருக்குத் தெரியாது. 2015இல் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே தட்டிக் குறிக்கிற வரைபடம் ஒன்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து அவசரமாகச் செய்தார்கள். தெருக்கள் ஏற்கெனவே வரைந்து வைக்கப்பட்டிருந்ததால்தான் அது சில நாளில் சாத்தியமானது. மழை வந்த பிறகு குளம் வரைய யாருக்கு நேரமிருக்கும்?

எரிச்சல்களும் உண்டு. மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரி நிறுவனங்கள் ஆள் வைத்து இதில் வரைகின்றன, அதனால் ரோடுகள் மளமளவென்று சேர்ந்தன, மறுக்கவில்லை. ஆனால் வண்டி போகுமா என்பதுதான் அவர்கள் கவலை. எங்கள் குளத்துக் கரையை ஒருமுறை யாரோ கார் போகிற சாலை என்று மாற்றிவிட்டார்கள், பெயர் வேண்டாம், டெலிவரி சம்பந்தப்பட்ட ஆட்கள். அந்தத் திருத்தத்தின் கீழேயே தன்மையாக ஒரு குறிப்பு எழுதினேன், மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் கணக்கோடு பதிவாகி இருப்பதால் சண்டை வளராமல் முடிகிறது. போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு இந்த வரைபடத்துக்கு மாறிய காலத்தில், பொம்மை பிடிப்பதற்காகத் தங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத பூங்காவை வரைந்தவர்களையே சமாளித்தவர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்காரர்கள்.

தமிழ்ப் பெயர் விஷயம். ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயருக்கென்று தனிக் கட்டம் உண்டு, எங்கள் பக்கம் நிறைய இடத்தில் அது காலி. நிரப்பினால், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலியில் வரைபட மொழியைத் தமிழாக்கிப் பார்க்கலாம். உலாவியே வரைந்து காட்டும் வெக்டர் வரைபடங்கள் பலவற்றில் இன்னும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று தமிழ் சிதறித்தான் தெரிகிறது. அதற்காக நிரப்பாமல் விட வேண்டாம், காட்டும் மென்பொருள் எப்போது வேண்டுமானாலும் திருந்தும். ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் நம் திருத்தம் வர மாதக்கணக்கில் கூட ஆகலாம், அது மொத்தமாக இறக்கிவைத்த வரைபடம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணையதளத்தில் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் வட்டாரத்தில் குளங்கள் ஓரளவு முடிந்தன. கிளைக் கால்வாய்களின் கடைமடைப் பக்கம்தான் பாதி கிடக்கிறது, மடைப் பெயர்கள் சுத்தமாக இல்லை. அந்தப் பக்கத்துக்காரர் யாராவது இதைப் படித்தால் ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் ஊர்க் குளத்தின் பெயரைத் தமிழில் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். திருத்தக் குறிப்பையும் தமிழிலேயே எழுதலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.