சென்னிமலையில் வாங்கிய கழிவுப் பருத்திப் போர்வை: ஒரு மதிப்புரை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை நிறம் பிரித்து, மறுபடியும் பஞ்சாக்கி, நூலாக நூற்று நெய்த போர்வைகள் கொங்கு நாட்டுச் சந்தைகளில் பல ஆண்டுகளாகவே விற்பனையில் இருக்கின்றன. ஆனால் அவை எதனால் ஆனவை என்று வாங்குபவரிடம் சொல்லி விற்கும் கடைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்னிமலை அடிவாரத்தில் சில விசைத்தறிகள் ஓடும் கொட்டகையின் முன்னறையையே கடையாக வைத்திருக்கும் ஒரு குடும்பத்தினர் அதைச் செய்கிறார்கள். அவர்களிடம் வாங்கிய இரட்டைக் கட்டில் போர்வை, கால்மிதி, அடுப்படித் துணி ஆகிய மூன்றையும் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன். போர்வையை நம்பி வாங்கலாம். கால்மிதியைத் தேடிப் போயும் வாங்கலாம். அடுப்படித் துணி வேண்டாம்.

போர்வையின் அளவு 90க்கு 100 அங்குலம், விலை 620 ரூபாய். கையில் எடுத்ததும் அதன் கனம் தெரிகிறது. வீட்டுத் தராசில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நின்றது. நூல் தடிமனாக இருப்பதால் நெசவு நெருக்கமாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் உள்ளது. நாலைந்து சலவைக்குப் பிறகு அந்தச் சொரசொரப்பு அடங்கி, உடம்புக்கு இதமான மென்மை வந்துவிடுகிறது. முதல் இரண்டு சலவைகளில் பஞ்சு நிறைய உதிர்ந்தது; அதன்பின் குறைந்தது. நிறம் மட்டும் முதல் நாளிலிருந்தே அசையவில்லை. வெயிலில் காயப் போட்டும், ஊற வைத்துத் துவைத்தும், வாளித் தண்ணீரில் சாயம் இறங்கவில்லை. ஆறு மாதப் புழக்கத்தில் கால்படும் பக்கத்தில் மட்டும் நூல் மணி மணியாகத் திரண்டிருக்கிறது.

இந்தக் குறை நிறைகள் எல்லாம் அந்த நூல் பிறக்கும் விதத்திலிருந்தே வருகின்றன. பனியன் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மாதிரித் தாளை வைத்து வெட்டும்போது, கழுத்து வளைவுக்கும் கை வளைவுக்கும் இடையில் துண்டுகள் விழுவதைத் தவிர்க்கவே முடியாது. ஆடைத் தொழிலில் வெட்டும் கட்டத்தில் மட்டும் துணியில் 10 முதல் 15 சதவீதம் வரை இப்படிக் கழிவதாகப் பொதுவாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் துண்டுகளை மூட்டையாக வாங்கும் வேஸ்ட் குடோன்களில் பெண்கள் தரையில் அமர்ந்து வெள்ளை தனி, கறுப்பு தனி, நீலம் தனி என்று பிரிக்கிறார்கள். லைக்ரா கலந்ததையும், அச்சுப் படம் பதிந்ததையும், ரப்பர் பட்டி ஒட்டியதையும் கையால் தடவிப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். வெள்ளைக்குத்தான் விலை அதிகம். எதிலும் சேராத கலவைத் துண்டுகள் ஒர்க்‌ஷாப்களில் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட்டாகப் போகின்றன. இந்தச் சங்கிலியில் மிகக் குறைந்த கூலி பெறுவது இந்தப் பிரிக்கும் வேலைதான். ஆனால் பின்னால் வரும் ஒவ்வொருவரின் சரக்கும் அவர்கள் கைத் துல்லியத்தால்தான் தேறுகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பிரித்த துண்டுகளைச் சிறிதாக வெட்டி, முள் உருளைகள் கொண்ட இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்குகிறார்கள். பனியன் துணி முறுக்குக் குறைந்த நூலால் பின்னப்பட்டது என்பதால், நெய்த துணியைவிட எளிதாகப் பிரிந்துவிடுகிறது. ஆனாலும் கிழிபடும்போது பஞ்சிழை நீளத்தில் குறைந்துபோகிறது. குட்டை இழையை வழக்கமான ரிங் ஸ்பின்னிங் முறையில் நல்ல நூலாக்க முடியாது. சுழலும் சிறு கிண்ணத்துக்குள் இழைகளைச் சேர்த்து முறுக்கும் ஓப்பன் எண்ட் முறை 1960களின் பிற்பகுதியில் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து உலகச் சந்தைக்கு வந்த பிறகு இத்தகைய இழைக்கு நல்ல வழி பிறந்தது. பல்லடம், உடுமலை, வெள்ளகோவில் பக்கங்களில் இன்று ஓடும் ஓ.இ. மில்கள் அந்த முறையில்தான் நூற்கின்றன. கிழித்த பஞ்சோடு, பெரிய நூற்பாலைகளில் சீவும்போது கழியும் கோம்பர் பஞ்சையும் சேர்த்து, பத்தாம் நம்பர், இருபதாம் நம்பர் போன்ற தடித்த நூல்களை எடுக்கிறார்கள். சட்டைக்கும் சேலைக்கும் ஆகாத அந்த நூல் போர்வைக்கும் துண்டுக்கும் ஜமக்காளத்துக்கும் திரைச்சீலைக்கும் நன்றாகவே ஆகிறது. என் போர்வையின் கனமும், பஞ்சு உதிர்வும், மணி திரள்வதும் குட்டை இழையின் இயல்பு. அதை நெய்தவரின் குறையாக நான் எண்ணவில்லை.

கடைக்காரர் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, புதிய பருத்தி நூலையும், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் கழிவுப் பருத்தி நூலையும் போடுகிறார். தறியில் இழுவிசை முழுவதையும் தாங்குவது பாவு என்பதால், அதிலும் கழிவு நூலைப் போட்டால் இழை அறுந்து அறுந்து தறி நின்றுகொண்டே இருக்கும் என்று விளக்கினார். இதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முழுப் போர்வையும் கழிவிலிருந்து வந்தது என்று சொல்லி விற்றிருந்தாலும் வாங்குபவர் யாருக்கும் தெரிந்திருக்காது.

நிறம் அசையாததற்குக் காரணம் எளியது: இந்தப் போர்வை சாயப்பட்டறைக்குள் நுழையவே இல்லை. ஏற்றுமதி பனியனுக்காக ஏற்கெனவே ஒருமுறை சாயமேறிய துண்டுகளை நிறம் பார்த்துக் கலந்தே மில்லில் அடர்நீலமும் சாம்பலும் மெரூனும் எடுக்கிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சாதாரணச் செய்தியாக என்னால் கடந்து போக முடியவில்லை. சென்னிமலைக்கு அருகிலேயே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, கீழ்மடை விவசாயிகளின் கிணறும் காடும் உப்பேறிப் போனதை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே அவை திறந்தன. இப்போது தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கும் கசடுக்கும் இன்னும் இடம் தேடவேண்டியிருக்கிறது. அந்தச் சுமையில் ஒரு கைப்பிடிகூடக் கூட்டாமல் நிறத்தோடு வரும் போர்வை என்பது, என்னைப் பொறுத்தவரை, அதன் விலையைவிடப் பெரிய மதிப்பு. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர், பெரும்பாலும் பருத்தி விளைவிக்கவே, வேண்டும் என்ற கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இதற்கு விலையாக வாங்குபவர் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு லாட்டில் வந்த நீலம் அடுத்த லாட்டில் அப்படியே வராது. அதே நிறத்தில் இன்னொன்று வேண்டும் என்று பிறகு போனபோது, கொஞ்சம் மங்கலான நீலம்தான் இருந்தது. ஒரே அறைக்கு ஜோடியாக வேண்டுபவர்கள் ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது.

கடையின் சிறப்பாக நான் கருதுவது, ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டு. பாவு எந்த நூல், ஊடை எந்த நூல், பாலியஸ்டர் கலந்திருக்கிறதா, எந்த லாட் என்பதை மசியால் எழுதி வைத்திருக்கிறார்கள். பெட் பாட்டிலை உருக்கி எடுக்கும் பாலியஸ்டர் இழையைக் கழிவுப் பருத்தியோடு கலந்து நூற்பது இன்று பரவலாக நடக்கிறது. நூலுக்கு வலுவும் கூடும், விலையும் இறங்கும். பாட்டில் குப்பைக்குப் போகாமல் துணியாவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் கலந்துவிட்டால், அந்தத் துணி கிழிந்த பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது சிறு தொழிலால் ஆகிற காரியம் இல்லை. பொருளின் சுற்று அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே கலப்பது தவறு என்பதைவிட, கலந்ததைச் சொல்லாமல் விற்பதே பெரிய கேடு. இதே வட்டாரத்தில் வேறொரு கடையில் 'நூறு சதவீதம் காட்டன்' என்று சொல்லிக் கொடுத்த ஒரு போர்வையின் ஓர நூலை எரித்துப் பார்த்தேன். அது காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகாமல், உருகிக் கெட்டியான கரும் உருண்டையானது. இந்தக் கடையின் சீட்டில் பருத்தி என்று எழுதியிருந்த நூல் சாம்பலாகவே உதிர்ந்தது. எரித்துப் பார்ப்பது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது, சிறிதளவு கலப்பை அது காட்டாமலும் போகலாம். ஆனாலும் சீட்டும் துணியும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பது எனக்குப் போதுமான நம்பிக்கையைத் தந்தது.

சீட்டைப் பற்றிக் கேட்டபோது கடைக்கார அம்மா, "ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது, எழுதிக் குடுத்துட்டா அப்புறம் பேச்சே வராதுங்க" என்றார். கரூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் இதே செய்தியைச் சொல்ல சர்வதேசச் சான்றிதழ் வாங்குகின்றன. ஆண்டுதோறும் தணிக்கையும் கட்டணமும் உண்டு. மறுசுழற்சிப் பொருளுக்கான ஜி.ஆர்.எஸ். முத்திரையை ஒட்ட, பொருளில் பாதியாவது மறுசுழற்சி இழை இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் நடைமுறைக்கு வந்த சூழல் வடிவமைப்பு விதியின்கீழ், துணிகளுக்கும் டிஜிட்டல் அடையாள ஆவணம் வரவிருக்கிறது. நாலைந்து தறி வைத்திருப்பவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆனால் மில் பில்லில் இருப்பதை ஒரு துணிச்சீட்டில் எழுதித் தைக்க மசிச் செலவைத் தவிர வேறு செலவில்லை. சென்னிமலையிலும் சோமனூரிலும் உள்ள ஒவ்வொரு தறிகாரரும் நாளைக்கே இதைத் தொடங்கலாம்.

கால்மிதியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கடையின் யோசனையில் மிக நல்லது அதுதான். தங்கள் கடையில் வாங்கிய பருத்திப் போர்வை நைந்துபோனால், துவைத்துக் கொண்டுவந்து கொடுத்து, அடுத்ததில் 40 ரூபாய் குறைத்துக்கொள்ளலாம். மூலையில் சீட்டு இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இப்படித் திரும்பி வருபவற்றை மறுபடி மில்லுக்கு அனுப்புவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை குட்டையான இழையை மீண்டும் கிழித்தால் நூலே நிற்காது என்பதை அறிந்து, அவற்றை நீள நீளமான பட்டைகளாகக் கிழித்து, அந்தப் பட்டைகளையே ஊடையாக விட்டுக் கைத்தறியில் கால்மிதி நெய்கிறார்கள். இயந்திரமும் மின்சாரமும் வேண்டாத வேலை. பட்டை கிழிப்பதையும் ஓரம் தைப்பதையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறார்கள். 120 ரூபாய்க்கு வாங்கிய கால்மிதி தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது, வழுக்குவதில்லை, குளியலறை வாசலில் மழைக்காலம் முழுவதும் கிடந்தும் ஓரம் பிரியவில்லை. பட்டைகளின் நிறம் கலந்து விழுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை; எனக்கு அதுவும் அழகாகவே படுகிறது.

அடுப்படித் துணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பஞ்சு உதிர்ந்து பாத்திரத்தில் ஒட்டுகிறது. ஈரம் காயவும் நேரமாகிறது. கழிவு நூலுக்கு ஏற்ற பொருள் எது, ஏற்காத பொருள் எது என்பதில் கடைக்காரர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம். அவர்களிடமே இதைச் சொன்னேன். அதே துணியை வண்டி துடைக்க விற்பதாகச் சொன்னார்கள். அதற்கு அது பொருத்தமானதுதான்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 620 ரூபாயைக் கேட்டதும், 'வேஸ்ட்டில் செய்ததற்கு இவ்வளவா' என்று எனக்கு முன்னால் நின்றிருந்தவர் முணுமுணுத்தார். கழிவு என்றால் இனாமாகக் கிடைப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உண்மையில் துண்டுத்துணிக்கும் கோம்பர் பஞ்சுக்கும் மில்கள் நல்ல விலை கொடுக்கின்றன, புதுப் பருத்தி விலை ஏறும்போது இவையும் ஏறுகின்றன. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் உயர்ந்தபோது கொங்கு மண்டலச் சிறு மில்களும் தறிகளும் பட்ட பாடு நாம் பார்த்ததே. பிரிப்பவருக்கும் நெய்பவருக்கும் தைப்பவருக்கும் கூலி போய்ச் சேரவேண்டும் என்றால், இந்தப் போர்வையை இரண்டாம் தரச் சரக்காக எண்ணிப் பேரம் பேசுவதை நாம் நிறுத்தவேண்டும். சந்தையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும் போர்வை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறது என்பதை அதன் ஓர நூலைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பனிக்காலத்துக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் இந்தப் போர்வை ஏற்றது. சித்திரை வெயிலில் போர்த்திக்கொள்ளக் கனமாக இருக்கும், விரிப்பாகப் பயன்படுத்தலாம். தூசு ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில், பஞ்சு உதிர்வது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை தனியாகத் துவைத்த பிறகே விரிக்கவேண்டும். இயந்திரத்தில் துவைத்தால் வடிகட்டும் வலையை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். பிழிந்து முறுக்காமல், நீரை வடியவிட்டுக் காயப்போட்டால் ஊடை விலகாது. கடையில் கார்டு வாங்குவதில்லை, கைப்பேசியில் பணம் அனுப்பலாம். மூலைச் சீட்டைக் கத்தரித்துவிட வேண்டாம். அது இல்லாமல் பழைய போர்வையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.