வெள்ளெழுத்துக்காரன் லேப்டாப் வாங்கின கதை

எனக்கு இப்ப 57 வயசு. தொழில் புரூஃப் பாக்குறது, அதாவது தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்பு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துறது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு மணி நேரம் ஸ்கிரீனைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன், டிசம்பர் வந்துட்டா சென்னை புத்தகக் கண்காட்சிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ஃபைலை அனுப்புவாங்க, அப்ப பன்னெண்டு மணி நேரம் கூட ஆகும். இந்த பன்னெண்டு வருஷத்துல மூணு லேப்டாப் மாத்தியாச்சு, மூணாவதுலதான் தலைவலி இல்லாம படிக்கிறேன். ரெண்டாவதுல ஏமாந்துட்டேன், யாரும் ஏமாத்தலை, நானே விவரம் தெரியாம போய் மாட்டிக்கிட்டது.

முதல் லேப்டாப் 2013ல வாங்கினது. 15.6 இஞ்ச், 1366 × 768 புள்ளி, அதாவது பிக்சல். அப்ப பட்ஜெட்ல வாங்கினா எல்லாருக்கும் இதான் கிடைக்கும். கணக்குப் போட்டா ஒரு இஞ்சுக்கு கிட்டத்தட்ட 100 புள்ளி. எழுத்து நல்லா பெருசாத்தான் தெரியும், அதுல குறை சொல்ல முடியாது, 12 பாயிண்ட் எழுத்துக்கு ஸ்கிரீன்ல 4 மில்லிமீட்டர் உயரம் இடம் கிடைச்சுது. ஆனா அந்த 4 மில்லிமீட்டருக்குள்ள இருக்குறது மொத்தமே 16 புள்ளிதான், அதுலயும் மேல கீழ விடுற இடம் போக எழுத்துக்குன்னு மிஞ்சுறது இன்னும் கம்மி. இங்கிலீஷுக்கு அது போதும். நம்ம எழுத்துக்குப் போதாதுங்க. மூணு சுழி ண-வும் ரெண்டு சுழி ன-வும், கி-க்கும் கீ-க்கும் மேல இருக்குற சுழி, ர-வுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம், ஒற்று மேல வைக்கிற புள்ளி, எல்லாமே ரெண்டு மூணு புள்ளிக்குள்ள அடங்கணும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிச்சுக் காட்டுற அந்த மேல் சுழி இருக்கே, அது ஒரு கறுப்புப் பொட்டா அடைஞ்சு போயிரும்.

இதுல ஒரு தடவை நல்லா அடி வாங்கினேன். கர்ப்பகாலம் பத்தி ஒரு டாக்டரம்மா எழுதின புத்தகம், அத்தியாயத் தலைப்புல இல்ல, பக்கத்துக்குப் பக்கம் மேல சின்னதா ஓடுமே அந்த வரியில 'மகப்பேறு' வரணும், 'மகப்பெறு'ன்னு இருந்திருக்கு. நாப்பது பக்கத்துக்கு மேல அப்படியே அச்சாகி வந்துருச்சு. நான் அந்த ஃபைலை ரெண்டு தடவை படிச்சவன். பதிப்பகத்துக்காரர் நல்ல மனுஷர், திட்டலை, "என்னண்ணே கண்ணு எதுவும் பிரச்சனையா"ன்னு மட்டும் கேட்டாரு, அது திட்டுனதை விட மோசமா இருந்துச்சு. வீரமாமுனிவர் முந்நூறு வருஷம் முன்னாடி, குறிலும் நெடிலும் குழம்பக் கூடாதுன்னு கொம்புக்கு ஒரு சுழி போட்டுக் குடுத்துட்டுப் போனாரு, அதை என் லேப்டாப் அழிச்சிருச்சு. ஓலைச்சுவடியில புள்ளி வச்சா ஓலை கிழியும்னு வைக்காம விட்டாங்க, படிக்கிறவன் தானா புரிஞ்சுக்கணும். என் 1366 ஸ்கிரீனும் கிட்டத்தட்ட ஓலைச்சுவடி மாதிரிதான், கண்ணு பாக்காததை மூளை ஊகம் பண்ணி நிரப்பிக்கிட்டே போகும். மத்த வேலைக்குப் பரவாயில்லை, புரூஃப் பாக்குறவன் ஊகம் பண்ண ஆரம்பிச்சா அவன் தொழில் முடிஞ்சுது.

கண்ணு டாக்டர்கிட்ட போனேன். வெள்ளெழுத்துதான், அதாவது கிட்டத்துல இருக்குறது மங்கலா தெரியுறது, நாப்பத்தஞ்சு வயசுல வராம எப்ப வரும்னாரு. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டேன், அதுல படிக்கிற பவர் கீழ் பாதியில இருக்கும், லேப்டாப்புக்கு அது ஒத்து வராது. தாடையைத் தூக்கித் தூக்கிப் பாத்து கழுத்து புடிச்சுக்கிச்சு. அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது, பொதுவா படிக்கிற கண்ணாடிய புத்தகம் புடிக்கிற தூரத்துக்கு, 40 சென்டிமீட்டர் சுமாருக்கு எழுதுவாங்க, லேப்டாப் நாம வைக்கிறது 55, 60ல. டெய்லர் டேப் எடுத்து கண்ணுல இருந்து ஸ்கிரீன் வரைக்கும் அளந்து பாத்தேன், 58 வந்துச்சு, அதை ஒரு சீட்டுல எழுதிட்டுப் போய்க் குடுத்ததும் அந்த தூரத்துக்குன்னே தனியா ஒரு கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க. லேப்டாப் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. ஸ்கிரீன் மேல இருக்குற பாதி புகார் கண்ணாடி மேல போக வேண்டிய புகார்.

சரி, ரெண்டாவது லேப்டாப். 2018. தூக்கிட்டுப் போக வசதின்னு 14 இஞ்ச் வாங்கினேன், 1920 × 1080, ஃபுல் எச்டி. எனக்கு என்ன நினைப்புன்னா ரெசல்யூஷன் கூடினா எழுத்து தெளிவா தெரியும், அவ்வளவுதானே. தெளிவாத்தான் இருந்துச்சு, இஞ்சுக்கு 157 புள்ளி. ஆனா அந்த லேப்டாப்ல விண்டோஸ் தானாவே 150 பர்சன்ட் ஸ்கேலிங் வச்சிருந்துச்சு, அதாவது எல்லாத்தையும் ஒன்றரை மடங்கு பெருசாக்கிக் காட்டுறது, அப்படி வச்சா எழுத்து நல்ல சைஸ்ல வரும், ஆனா ஸ்கிரீன்ல இடம் 1280 × 720 அளவுக்குச் சுருங்கிரும், அதாவது என் பழைய டப்பா லேப்டாப்ல இருந்ததை விடக் கம்மி! வேர்டு தொறந்தா மேல பட்டன் வரிசை பாதியை முழுங்கிரும், மிச்சத்துல பத்துப் பதினஞ்சு வரி தெரியும். பொறுக்க முடியாம 125க்குக் குறைச்சேன், இடம் கிடைச்சுது, எழுத்து 3.2 மில்லிமீட்டரா சிறுத்துப் போச்சு. அப்படியே நாலு வருஷம் ஓட்டினேன். மூக்கு ஸ்கிரீன்ல இடிக்கிற மாதிரி குனிஞ்சு உக்காந்து முதுகு வலி வந்ததுதான் மிச்சம்.

நடுவுல ஒரு கோமாளித்தனமும் பண்ணேன். எழுத்து சின்னதா இருக்குதேன்னு ரெசல்யூஷனையே 1366 × 768க்கு இறக்கி வச்சேன், நம்ம வயசுல நிறைய பேரு இதைத்தான் பண்றாங்க. பண்ணாதீங்க. 1920 புள்ளி இருக்குற ஸ்கிரீன்ல 1366 புள்ளிப் படத்தை விரிச்சா ஒரு புள்ளிக்கு 1.4 புள்ளின்னு வரும், புள்ளியைப் பாதியா வெட்ட முடியாதுல்ல, அதனால ஓரமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆயிரும். எழுத்து பெருசாகும், கூடவே மங்கிரும். கண்ணு ஃபோகஸ் கிடைக்குமான்னு தேடித் தேடி சாயங்காலம் நெத்தி வலி. ரெசல்யூஷனை எப்பவும் ஸ்கிரீனோட சொந்த அளவுலயே விட்டுட்டு ஸ்கேலிங்கை மட்டும் மாத்தணும்.

கண்ணைத் தொறந்துவிட்டது என் மருமகன் லேப்டாப். தீபாவளிக்கு வந்தப்ப கொண்டு வந்திருந்தாரு, 15.6 இஞ்ச் 4கே, இஞ்சுக்கு 282 புள்ளி, 250 பர்சன்ட்ல வச்சிருந்தாரு. "மாமா உங்க ஃபைலை இதுல போட்டுப் பாருங்க"ன்னாரு. போட்டேன். அச்சடிச்ச தாள் மாதிரி இருந்துச்சுங்க. ஏ-வோட கால் இழுப்பு, ழ-வோட வளைவு, ஒற்றுப் புள்ளி ஒரு குட்டி வட்டமா... பொட்டு இல்ல, வட்டம். கொஞ்ச நேரம் வேலையை விட்டுட்டு எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், வீட்டுல "முறுக்கு ஆறுது"ன்னு சத்தம் போட்டாங்க.

அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு, எழுத்து எவ்வளவு பெருசுங்கறது ஒரு விஷயம், அந்த எழுத்தை எத்தனை புள்ளியில வரையுறாங்கங்கறது வேற விஷயம். முதலாவது ஸ்கேலிங் கையில இருக்கு. ரெண்டாவது ரெசல்யூஷன் கையில. ரெண்டுக்கும் சேத்து இடம் குடுக்குறது ஸ்கிரீன் எத்தனை இஞ்சுங்கறது. நான் இஞ்சைக் குறைச்சுட்டு ரெசல்யூஷனைக் கூட்டினேன், அதான் சிக்கினேன்.

அதுக்காக 4கே வாங்கலை. விலை ஒரு பக்கம், பேட்டரி வேற வேகமா இறங்குதுன்னு மருமகனே புலம்புனாரு. அதுபோக நல்ல பார்வை உள்ள கண்ணு பிரிச்சுப் பாக்குறதுக்கு ஒரு எல்லை இருக்கு, ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்குன்னு கணக்கு வச்சிருக்காங்க, அதைப் போட்டுப் பாத்தா 60 சென்டிமீட்டர்ல இஞ்சுக்கு 145 புள்ளி, 50 சென்டிமீட்டர்ல 175 புள்ளி வரும். நான் கொஞ்சம் குனிஞ்சாலும் 190 இருந்தா தாராளம். தேடிப் பிடிச்சு 2022ல வாங்கினது 16 இஞ்ச், 2560 × 1600, இஞ்சுக்கு 189. 175 பர்சன்ட்ல வச்சிருக்கேன். இப்ப 12 பாயிண்ட் எழுத்து 3.8 மில்லிமீட்டர் கிட்ட வருது, ஏறக்குறைய அந்தப் பழைய 2013 லேப்டாப் சைஸ்தான், ஆனா அங்க 16 புள்ளியில வரைஞ்ச எழுத்தை இங்க 28 புள்ளியில வரையுது. இடமும் 1463 × 914 அளவுக்குக் கிடைக்குது, பழசை விட அதிகம்.

"வயசாயிருச்சு, கண்ணே மங்கல், இதுல புள்ளி கூடினா என்ன குறைஞ்சா என்ன"ன்னு கூட வேலை பாக்குற ஒருத்தர் கேட்டாரு. நானும் அப்படி நினைச்சவன்தான். மங்கின கண்ணுக்கு மங்கின எழுத்தைக் காட்டினா மங்கல் மேல மங்கல், அதான் நடக்கும். சரியான கண்ணாடி போட்டுட்டுப் பாத்தா வித்தியாசம் பளிச்னு தெரியும்.

மூணு வருஷம் ஓட்டியாச்சு. பெரிய லாபம் நான் எதிர்பாக்காத ஒண்ணு, 16க்கு 10 அளவு ஸ்கிரீன்ல உயரம் 8.5 இஞ்ச் வருது, நம்ம டெம்மி புத்தகப் பக்கமும் அதே உயரம். ஃபுல் ஸ்கிரீன்ல போட்டா ஒரு பக்கம் அசல் அளவுல அப்படியே உக்காருது, பக்கத்துலயே அடுத்த பக்கமும் தெரியுது. 14 இஞ்ச்ல ஏழு இஞ்ச் உயரம் கூட இல்ல, மேலயும் கீழயும் உருட்டி உருட்டி எந்த வரியில இருந்தோம்னே மறந்துரும்.

குறை இல்லாம இல்ல. ரெண்டு கிலோ கனம், பஸ்ல மடியில வச்சா தொடை மரத்துரும். புத்தகப் பக்கம் வடிவமைக்கிற பழைய டிடிபி சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சிருக்கேன், யூனிகோட் வராத காலத்து ஃபான்ட் ஃபைலெல்லாம் அதுலதான் தொறக்கும், அது ஸ்கேலிங்னா என்னன்னே தெரியாத காலத்துது, விண்டோஸ் அதை இழுத்துப் பெருசாக்கி மங்கலா காட்டுது. அந்த ஐகானை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, உள்ள எச்டிபிஐ... இல்ல, ஹை டிபிஐ செட்டிங்னு ஒண்ணு இருக்கும், அதுல கடைசி ஆப்ஷனா 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வச்சேன், ஓரளவு பரவாயில்லை, முழுசா தீரலை. பதிப்பகத்துல 24 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர்ல சொருகினா அங்க இஞ்சுக்கு 92 புள்ளிதான், வீட்டுல பழகின கண்ணுக்கு அங்க எழுத்தெல்லாம் கோலப்புள்ளி மாதிரி தெரியுது. நல்லதைப் பாத்துட்டா இது ஒரு தொந்தரவு.

ரெசல்யூஷன் மட்டும் பாத்து வாங்கிராதீங்க, வெளிச்சமும் முக்கியம். வயசாக ஆக கண்மணி சுருங்கி, லென்ஸும் பழுப்பேறி உள்ள போற வெளிச்சமே குறைஞ்சிரும், 250 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு) இருக்குற ஸ்கிரீன் இளவட்டங்களுக்குப் போதும், நமக்கு ஜன்னல் ஓரத்துல உக்காந்தா பத்தாது, 300க்கு மேல பாருங்க, 400 இருந்தா நிம்மதி. பளபளன்னு இருக்குற ஸ்கிரீன்ல நம்ம தலைக்கு மேல இருக்குற டியூப்லைட்தான் தெரியும், மேட் வாங்குங்க. டார்க் மோடு கண்ணுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க, எனக்கு சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம்) உண்டு, கறுப்புல வெள்ளை எழுத்து போட்டா ஓரமெல்லாம் பூத்துப் போய் புள்ளிக்கும் கொம்புக்கும் சண்டை வந்துரும். ஒரு வாரத்துல விட்டுட்டேன். லேசான க்ரீம் கலர் பின்னணி, கறுப்பு எழுத்து, ஃபான்ட் நிர்மலா யுஐ. பழைய லதா ஃபான்ட் எனக்கு ஒல்லியா தெரியுது, பழக்கம்தான் காரணமோ என்னமோ.

எல்லாரும் என் மாதிரி வாங்கணும்னு இல்ல. எங்க அண்ணனுக்கு 64, பேப்பர் படிப்பாரு, பேங்க் வேலை, பேரனோட வீடியோ கால். அவருக்கு 15.6 இஞ்ச் ஃபுல் எச்டி வாங்கிக் குடுத்து 125ல வச்சுக் குடுத்தேன், எழுத்து 3.6 மில்லிமீட்டர், விண்டோஸ்ல ஆக்ஸஸிபிலிட்டிக்குள்ள டெக்ஸ்ட் சைஸ்னு தனியா இருக்குற பட்டியையும் கொஞ்சம் தள்ளி வச்சேன், சந்தோஷமா இருக்காரு. விலையும் பாதி. 14 இஞ்ச்தான் வேணும்னு அடம் புடிக்கிறவங்க 1920 × 1200 இருக்குறதாவது பாருங்க, அந்த 120 புள்ளி உயரம் ரெண்டு மூணு வரி கூடக் குடுக்கும்.

கடைக்குப் போறப்ப நான் ஒரு பென்டிரைவ் எடுத்துட்டுப் போவேன். கடையில ஓடுற மலை, மயில், கடல் வீடியோல எந்த ஸ்கிரீனும் அழகாத்தான் இருக்கும். என் பென்டிரைவ்ல ஒரே ஒரு பக்கம் பிடிஎஃப், பத்து பாயிண்ட்ல மகப்பேறு மகப்பெறு, எண் என், ஏன் என் அப்படின்னு ஜோடி ஜோடியா வச்சிருக்கேன். கண்ணாடி போட்டு, நாற்காலி கேட்டு வாங்கி உக்காந்து, டேப்ல 58 சென்டிமீட்டர் அளந்து வச்சுட்டு, குனியாம படிச்சுப் பாப்பேன். போன மாசம் ஒரு ஃப்ரெண்டுக்குத் துணையா போயிருந்தேன், கடைப் பையன் பின்னாடி நின்னு எட்டிப் பாத்துட்டு "சார், ரெண்டும் ஒரே வார்த்தைதானே, ஏன் ரெண்டு தடவை இருக்கு?"ன்னான். அந்த லேப்டாப்பை நாங்க வாங்கலை.