கோடை பாலே பயிற்சி: இரண்டு பள்ளிகளில் பெற்ற அனுபவம்

அமெரிக்காவில் பாலே கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஜனவரி பிறந்தாலே கோடை நினைப்பு வந்துவிடும். ஜூன் இறுதியில் தொடங்கும் 'சம்மர் இன்டென்சிவ்' எனும் தீவிரக் கோடைப் பயிற்சிகளுக்கு அப்போதே ஊர் ஊராக ஆடிஷன் நடக்கிறது. நியூ ஜெர்சியில் வசிக்கும் நாங்கள் எங்கள் மகளை 11 வயதில் ஒரு பள்ளிக்கும், மறு ஆண்டு இன்னொரு பள்ளிக்கும் அனுப்பினோம். முதலாவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதில் கட்டிய பணம் ஒவ்வொரு டாலரும் தகும்.

முதல் பள்ளியை நாங்கள் தேர்ந்தெடுத்தது அதன் விளம்பரத்தில் இருந்த புகழ்பெற்ற நடனக் கலைஞர்களின் படங்களைப் பார்த்துத்தான். அவர்கள் ஆளுக்கு ஒரு நாள் வந்து சென்றார்கள். மற்ற நாள்களில் 30க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒரே ஆசிரியை மேய்த்தார். பிற்பகல் முழுவதும் கடைசி நாள் நிகழ்ச்சிக்கான ஒத்திகையிலேயே கழிந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஆனால் தரையைப் பொறுக்க முடியவில்லை. வாடகைக் கூடம் ஒன்றில், சிமென்ட்டின் மேல் பதித்த ஓடுகளின்மீது, மார்லி எனப்படும் கறுப்பு வினைல் விரிப்பை மட்டும் உருட்டிப் போட்டிருந்தார்கள். மார்லி வழுக்காமல் காக்குமே தவிர, குதித்து இறங்கும் அதிர்வைத் தாங்காது. அதற்கு அடியில் மரச்சட்டங்கள் பின்னி, சற்றே அமுங்கி எழும்படி கட்டிய தரை வேண்டும். இரண்டாம் வாரத்தில் மகளுக்கு முன்னங்கால் எலும்பு ஓரமாக வலி வந்து, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

அதே பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும், விரல் நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூ கொண்டுவரச் சொன்னதும் தவறு. கால் எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் உடல் பாரம் முழுவதையும் விரல் நுனியில் ஏற்றுவது எளிய விஷயம் அல்ல. பொதுவாக 12 வயதுக்கு முன் பாயின்ட் வேண்டாம் என்றும், அதற்குப் பிறகும் கணுக்காலிலும் இடுப்பிலும் வலு வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்த்தே தொடங்க வேண்டும் என்றும் நடன மருத்துவ வல்லுநர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள்.

மறு ஆண்டு, பணம் கட்டுவதற்கு முன்பே, கோடையில் கற்பிக்கப்போகும் ஆசிரியையின் வகுப்பை ஒருநாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டோம். தயங்காமல் சம்மதித்தார்கள், பெற்றோருக்கு நான் சொல்லும் முதல் சோதனை இதுதான். வகுப்பில் 14 பிள்ளைகள், மூலையில் பியானோ. பார் எனும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, முட்டிகளை மடக்கும் பிளியே செய்த ஒரு சிறுமியின் பாதங்கள் வெகு அழகாக வெளிப்புறம் திரும்பியிருந்தன, ஆனால் முட்டிகள் முன்னால் சரிந்திருந்தன. ஆசிரியை இசையை நிறுத்தச் சொல்லிவிட்டு, தரையில் மண்டியிட்டு, அந்தப் பிள்ளையின் பாதங்களைத் தம் கையாலேயே கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தார். பிறகு இடுப்பெலும்பில் இரண்டு விரல்களை வைத்து, "இங்கிருந்து திருப்பு, பாதம் தானாக வரும்" என்றார். சிறுவயதில் பரதம் பயின்ற எனக்கு, அரைமண்டியில் முட்டி விலகாவிட்டால் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வரும் எங்கள் டீச்சர் நினைவுக்கு வந்தார். அன்றே விண்ணப்பம் எழுதினோம்.

ஐந்து வாரப் பயிற்சியில் தினமும் காலை ஒன்றரை மணி நேரம் அடிப்படை வகுப்பு, பின்னர் பாயின்ட் அல்லது அதற்கான கால் வலுப் பயிற்சி, பிற்பகலில் கேரக்டர் நடனம் (ஐரோப்பிய நாட்டுப்புற ஆட்டங்களைத் தழுவியது) அல்லது உடற்பயிற்சி. மூன்று மணிக்கு வீடு. இந்த வயதுக்கு அது போதும்.

பெரிய பள்ளிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினும் கலைப் புரவலர் லிங்கன் கர்ஸ்டீனும் 1934இல் தொடங்கிய ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே நியூயார்க்கில் நடத்தும் ஐந்து வாரக் கோடைப் பயிற்சி, ஆண்டு முழுவதும் பயிலும் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாசலாகவும் இருக்கிறது; தொழில்முறைக் கலைஞராகும் உறுதியுள்ள பிள்ளைக்கு அது அரிய வாய்ப்பு. ஆனால் அங்கே கற்பிப்பது பாலன்சின் பாணி: வேகம் அதிகம், பிருவெட் சுழற்சிக்குத் தயாராகும்போது பின்காலை நீட்டியே வைப்பார்கள். இங்கிலாந்தின் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் பாடத்திட்டத்திலோ ரஷ்யாவின் வாகனோவா முறையிலோ வளரும் பிள்ளை, அடித்தளம் உறுதிப்படாத நிலையில் அங்கே போனால் குழம்பக்கூடும் என்பது என் கருத்து. 15 வயதில் அதே மாற்றம் அந்தப் பிள்ளையை வளர்க்கவும் செய்யலாம்.

எங்கள் இரண்டாம் பள்ளியிலும் குறைகள் உண்டு. விடுதி இல்லாததால் தினமும் 40 நிமிடம் காரோட்டினோம். மதிய உணவுக்கு ஒதுக்கிய அரை மணி நேரம் பிள்ளைகளுக்குப் போதவில்லை. இதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்களே தவிர மாற்றவில்லை. மே மாதத்துக்குப் பிறகு விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

கடைசி நாளில் மேடை நிகழ்ச்சி இல்லை. பெற்றோர் பார்க்க ஒரு திறந்த வகுப்பும், ஆளுக்கு ஒரு பக்கம் கையெழுத்தில் எழுதிய அறிக்கையும் மட்டுமே. மகளின் தாளில், முன்பாதத்தில் எழும்பும்போது இடது கணுக்கால் வெளிப்புறமாகச் சாய்கிறது என்றும், அது சரியாகும் வரை பாயின்டில் பாரைப் பிடித்தே நிற்கட்டும் என்றும் இருந்தது. செப்டம்பரில் எங்கள் ஊர் ஆசிரியை அதை வாங்கி இரண்டு முறை படித்தார்; அன்றைய வகுப்பை அவளுடைய இடது காலிலிருந்து தொடங்கினார்.