நாற்பது கேள்வியில் நார்சிசிஸ்ட் சிக்குவாரா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது யாரைப் பிடிக்காவிட்டாலும் அவர் 'நார்சிசிஸ்ட்', அதாவது தன்னைத்தானே பெரிதாக நினைத்துக்கொள்பவர். மாமியார், மேனேஜர், விட்டுப்போன காதலன் எல்லாருக்கும் ஒரே பட்டம். சரி, அளந்துதான் பார்ப்போமே என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்பிஐ (நார்சிசிஸ்டிக் பெர்சனாலிட்டி இன்வென்டரி) சோதனையை நானும் கணவரும் செய்தோம்.

ராஸ்கின், ஹால் என்ற உளவியலாளர்கள் 1979இல் கொண்டுவந்தது இது. பரவலாகப் புழங்கும் 40 கேள்வி வடிவம் 1988இல் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வாக்கியங்கள். ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'ரெண்டும் இல்லை' என்று நழுவ முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

மதிப்பெண் போடும் விதம்தான் பிடிக்கவில்லை. மதிப்பெண் ஏற ஏற நார்சிசம் அதிகம் என்று கணக்கு. நான் தலைமையாசிரியை. 'நான் நல்ல தலைவர்' என்ற பக்கம் டிக் அடிக்காமல் வேறென்ன செய்வேன்? அதற்கும் ஒரு மதிப்பெண் ஏறுகிறது. அதிகாரம், தன்னிறைவு போன்றவையும், அடுத்தவரைச் சுரண்டுவது, 'எனக்குச் சேர வேண்டியது வந்தே தீர வேண்டும்' என்ற எண்ணம் போன்றவையும் ஒரே கூட்டுத்தொகையில் விழுகின்றன. கவலைப்பட வேண்டியது பின்னவற்றுக்குத்தான். கணவர் என்னைவிட அதிகம் வாங்கினார். பரீட்சையில் முதலிடம் வந்த மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டார்!

என் அத்தை இதைச் செய்தால் மதிப்பெண்ணே வராது. 'நான் யாரு, ஒண்ணுமில்லாதவ' என்பார். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் கீழே போனதற்காக அண்ணனோடு வருடக்கணக்கில் பேசவில்லை. சின்னக் குறை சொன்னாலும் படுத்துவிடுவார். அத்தைக்கு நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே கூனிக்குறுகி, உள்ளே 'என்னை யாரும் மதிப்பதில்லை' என்று புழுங்கும் நார்சிசமும் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். என்பிஐ பிடிப்பது பெரும்பாலும் பெருமை பீற்றும் வகையைத்தான்.

40க்கு 40 வாங்கினாலும் நார்சிச ஆளுமைக் கோளாறு என்ற மனநலச் சிக்கல் என்று ஆகிவிடாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு அதற்குச் சொல்லும் 9 அடையாளங்களில் குறைந்தது 5 இருக்க வேண்டும். அவை இளவயதிலேயே தொடங்கி வீடு, வேலை என்று எல்லா இடத்திலும் தொடர வேண்டும். அதை மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார். கணவருக்காக நீங்களே பதில் போட்டு, வந்த எண்ணைச் சண்டையில் நீட்டுவதற்கு இந்தச் சோதனை உதவாது.

பொழுதுபோக்காகச் செய்து பார்க்கலாம், ஐந்துக்கு மூன்று தருவேன். நார்சிசிஸ்ட் ஒருவரோடு வாழ்ந்து நொந்துபோயிருப்பவர்கள் இதை விட்டுவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.