பிரஷ் இல்லாத இரட்டை ஊட்டல் இயந்திரம்: ஃபெம்மும் ஒக்டேவும் பாவித்த அனுபவம்

காந்தப்புலத்தைக் கணிக்கும் ஃபெம் (FEMM), எண்கணிப்பு மென்பொருளான ஒக்டேவ் (Octave) இரண்டும் இலவசம். சில வருடங்களாக இவற்றைத்தான் பாவிக்கிறேன். இந்த இயந்திரத்தைப் படிக்க இவை போதும், ஆனால் எங்கே நின்றுவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஹட்டன் பக்கத்து ஓடைகள் தென்மேற்குப் பருவத்தில் பொங்கும், பெப்ரவரி மார்ச்சில் சுருங்கும். அங்கே சிறு நீர்மின் உற்பத்திக்கு டர்பைனின் வேகம் தண்ணீருக்கு ஏற்ப மாறினால் நல்லது. ஸ்டேட்டர் (அசையாத பகுதி), ரோட்டர் (சுழலும் பகுதி) இரண்டுக்கும் மின் இணைப்புள்ள சாதாரண இரட்டை ஊட்டல் மின்பிறப்பாக்கி அதைச் செய்யும், ஆனால் ரோட்டரை இணைக்கும் கார்பன் பிரஷ் தேயும். ஈரமும் தேயிலைத் தூசியும் இருக்கிற பெக்டரியில் அந்தப் பிரஷைப் பார்த்துக்கொள்வது யார்?

பிரஷ் இல்லாத வகையில் ஸ்டேட்டரிலேயே இரண்டு சுருள்கள், ரோட்டரில் வெளி இணைப்பில்லாத மூடிய வளையங்கள். என் மாதிரியில் ஒன்று 4 முனை, மற்றது 8 முனை. முதலாவது நேரே 50 ஹெர்ட்ஸ் லைனில், இரண்டாவது, மீடிறனை மாற்றித் தரும் இன்வேர்ட்டரில். இரண்டாவதற்கு நேரோட்டம் கொடுத்தால் நிமிடத்துக்கு 500 சுற்று. 10 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 600, பேஸ் வரிசையை மாற்றினால் 400. இழப்புகளை விட்டுப் பார்த்தால், 600இல் இன்வேர்ட்டர் சுமப்பது மொத்த வலுவில் ஆறில் ஒரு பங்குதான்.

ஃபெம்மின் வேலை தூண்டுதிறன் (ஒரு அம்பியருக்கு எவ்வளவு காந்தப்பாயம் சேர்கிறது என்ற அளவு) அட்டவணை தயாரிப்பது. ஒரு சுருளில் மட்டும் 1 அம்பியர் விட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் ரோட்டர் வளையங்களிலும் சேரும் காந்தப்பாயத்தை எடுத்து, ரோட்டரைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும். முன்பெல்லாம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மெஷ் (கணிப்புக்கான சிறு முக்கோண வலை) புதிதாகப் போட வேண்டும், ஃபெம் 4.2இன் பிந்திய பதிப்புகளில் வந்த காற்றிடைவெளி எல்லை நிபந்தனை அந்தத் தலையிடியைத் தீர்த்தது. 4/8 முனைக்குப் பாதி இயந்திரத்தை வரைந்தாலே போதும். இரவில் ஓடவிடுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் உடனே கோப்பில் எழுதச் சொல்லுங்கள். மலையில் காற்றடித்தால் கரண்ட் போவது தெரிந்த கதைதானே.

இதன் எல்லையும் இங்கேதான். ஃபெம்மின் ஏசி கணிப்பு முழு மாதிரிக்கும் ஒரே மீடிறனைத்தான் எடுக்கும். நம் ஸ்டேட்டரில் 50 ஹெர்ட்ஸும் 10 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஓடுகின்றன. 1 அம்பியர் அட்டவணையோ, இரண்டு காந்தப்புலமும் சேர்ந்து இரும்பை நிரம்பல் நிலைக்குக் கொண்டுபோகும்போது நம்ப முடியாதது.

அப்புறம் ஒக்டேவ். அந்த அட்டவணையை வைத்து இயந்திரத்தின் சமன்பாடுகளை நேரத்தோடு தீர்ப்பது அதன் வேலை. ரோட்டர் வளையம் ஒவ்வொன்றையும் தனிச் சுற்றாக வைத்தால் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓடிஇ45 (ode45) நத்தையாகிவிடும், ஓடிஇ15எஸ் (ode15s) பரவாயில்லை. அட்டவணைப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்க வேண்டாம். முறுக்குவிசை கணிக்கத் தூண்டுதிறனின் சாய்வு தேவை, அது ஒவ்வொரு புள்ளியிலும் துள்ளும். ஃபூரியே தொடராக மாற்றிவிட்டால் வரைபு ஒழுங்காகும். எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: 600 சுற்றில் ரோட்டர் மின்னோட்டம் 30 ஹெர்ட்ஸாக வர வேண்டும். இரண்டு சுருளின் பக்கமிருந்து கணித்தாலும் அதே எண்தான். வரவில்லையென்றால் பேஸ் வரிசையைப் பாருங்கள்.

இந்த மாதிரியில் கட்டுப்பாடு இல்லாமல் சுமையைச் சட்டென்று ஏற்றினால் வேகம் நெடுநேரம் ஊசலாடும். அது மென்பொருளின் பிழையல்ல, இயந்திரத்தின் குணம். அதை அடக்கும் கட்டுப்படுத்தியை வடிவமைக்க மட்டும் வளையங்களை ஒன்றாக்கிய ஈரச்சு (d-q) மாதிரியும், கட்டணம் செலுத்திப் பெறும் மென்பொருளான சிமுலிங்க்கும் (Simulink) வசதி. பல்கலைக்கழக உரிமம் உள்ளவர்கள் அதற்கு அங்கேயே போகலாம். முறுக்குவிசையின் சிற்றலை வேண்டுமென்றால் ஈரச்சு மாதிரி காட்டாது, வளைய மாதிரிக்கே திரும்ப வேண்டும்.