ஷோத்கங்கா: ஆய்வேடு தேடும் தமிழ் மாணவர்களுக்கு என் அனுபவம்

"உமணர் பத்தி யாராவது ஏற்கெனவே செஞ்சிருக்காங்களான்னு ஷோத்கங்கால பாத்துட்டு வாம்மா, அப்புறம் தலைப்பைப் பேசலாம்" என்று என் நெறியாளர் அம்மா சொன்ன அன்றுதான், முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தத் தளத்தை முதன்முதலில் திறந்தேன். உமணர் என்றால் சங்கப் பாடல்களில் வரும் உப்பு வணிகர்கள், நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் போகிறவர்கள். அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன், எழுந்தபோது ஒன்றரை. தலைப்பு பதிவு செய்ததிலிருந்து வாய்மொழித் தேர்வு முடியும் வரை பகுதிநேர ஆய்வாளராக நான் அதிகம் திறந்த தளம் இதுதான், அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது இல்லாத காலம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். எம்.ஃபில். படித்தபோது ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காக வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருந்தது. ஆய்வேடுகள் பூட்டிய பீரோவில், சாவி வைத்திருப்பவர் விடுப்பில். மறுவாரம் திரும்பப் போனபோது எடுத்துக் கொடுத்தார்கள், ஆனால் ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, போட்டோவும் கூடாது, வேண்டுமானால் கையால் எழுதிக்கொள் என்றார்கள். ஐந்து மணிக்குள் எழுத முடிந்தது பதினோரு பக்கம். பட்டம் கிடைத்த கையோடு அலமாரிக்குள் போய்விடும் உழைப்பை இன்னொருவர் கண்ணில் காட்டுவதற்கே அவ்வளவு தடை இருந்தது.

ஷோத்கங்கா அந்தப் பீரோவைத் திறந்து வைத்திருக்கிறது. குஜராத் காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் என்ற மையம் இதை நடத்துகிறது, அது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின் மையம். ஷோத் என்றால் இந்தியில் ஆய்வு. முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவிலும் தர வேண்டும் என்று யுஜிசி 2009-ல் விதி கொண்டுவந்தது. பட்டம் வழங்கும் அறிவிப்புக்கு முன்பே மின்பிரதி இன்ஃபிளிப்நெட்டுக்குப் போய்விட வேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. அதனால் நாடு முழுவதும் இருந்து வந்து சேர்ந்து, இன்று 5 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டாம், காசு கிடையாது, எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. கிராமத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையும் பெரிய நகரத்துப் பேராசிரியரும் அதே பிடிஎஃப்பைத்தான் திறக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் கொஞ்சம் குழப்பும். பல்கலைக்கழகம், அதற்குள் துறை, அதற்குள் ஆய்வாளர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னால் இயங்குவது டிஸ்பேஸ் என்ற மென்பொருள், 2002-ல் எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து வெளியிட்டது, உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் இதில்தான் ஓடுகின்றன, அதனால் ஒன்றைப் பழகிவிட்டால் மற்றதும் கைக்கு வந்துவிடும். ஆய்வேடு ஒரே கோப்பாக வராது. தலைப்புப் பக்கம் 01 என்று தொடங்கி, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், பிறகு ஒவ்வொரு இயலும் தனித்தனி பிடிஎஃப். ஐந்து இயல் உள்ள ஆய்வேட்டை முழுதாக இறக்கப் பத்துப் பதினைந்து தடவை அழுத்த வேண்டும், இது எரிச்சல்தான். ஆனால் மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்களுக்கு வேண்டிய இயலை மட்டும் எடுக்க இதுவே வசதி. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 80 என்று எண் போட்ட கோப்பை முதலில் திறங்கள். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் அதில் சேர்ந்து இருக்கும். இந்த ஆய்வேடு நமக்கு வேண்டியதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் கடைசிக் கோப்புகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பின்னிணைப்பைச் சொல்கிறேன். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடு ஒன்றில் அப்படித்தான் மாட்டியது, உப்பளத்தில் பாத்தி மிதிக்கும்போது பெண்கள் பாடிய பாட்டு, களப்பணியில் கேட்டு எழுதியது, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தகவலாளரின் வயது, ஊர், பாடிய நாள். பாட்டில் ஓர் இடத்தில் வார்த்தை புரியவில்லை போல, அங்கே புள்ளி மட்டும் வைத்துவிட்டு 'தெளிவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார் அந்த ஆய்வாளர். தெரியாததைத் தானாக நிரப்பாமல் விட்ட அந்த நேர்மைக்கு மனதுக்குள் கும்பிட்டேன். என் மூன்றாம் இயலில் அந்தப் பாடல்களை மேற்கோள் காட்டியிருக்கிறேன். புத்தகமாக வராத, வரவும் வாய்ப்பில்லாத இப்படிப்பட்ட பொருள் தமிழ்த்துறை ஆய்வேடுகளில் நிறையக் கிடக்கிறது.

சரி, குறைக்கு வருகிறேன். தமிழில் தேடுவதுதான் பெரிய பாடு. 'உமணர்' என்று தமிழில் தட்டினால் வருவது கொஞ்சம்தான், ஏனென்றால் பல தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார்கள், அதிலும் ஆளுக்கொரு விதம். 'சங்க' என்ற ஒரே சொல்லைச் சிலர் எஸ் போட்டு எழுதுகிறார்கள், சிலர் சி போட்டு எழுதுகிறார்கள். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டு எழுதி வைத்துக்கொண்டு தேடினேன். அதிலும் கிடைக்காதபோது தமிழ்த்துறைப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாகப் படித்துக்கொண்டே போவதுதான் வழி. நெறியாளர் பெயரை வைத்துத் தேடுவதும் நன்றாகப் பலன் தரும், ஒரே நெறியாளரிடம் செய்தவர்கள் அடுத்தடுத்த தலைப்புகளில் செய்திருப்பார்கள்.

கோப்பைத் திறந்த பிறகும் சிக்கல் முடியாது. பழைய ஆய்வேடுகளில் பல, அச்சுப் பிரதியை ஸ்கேன் எடுத்த வெறும் படங்கள், உள்ளே ஒரு சொல்லையும் தேட முடியாது. கணினியில் தட்டச்சு செய்தவை பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் இருக்கும். பார்க்க அழகான தமிழ், ஆனால் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஏறியிருந்த ஆய்வேட்டில் எனக்கு வேண்டிய நான்காம் இயல் முழுவதும் பக்கம் பக்கமாகத் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது, இன்னொன்றில் துணைநூற்பட்டியலே இல்லை. களஞ்சியம் கொடுத்ததைத்தான் வைத்துக்கொள்ளும். ஏற்றுகிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் போதும். நாலைந்து வருடம் ஒருவர் வெயிலில் அலைந்து எழுதியது, கடைசி அரை மணி நேர வேலையில் அக்கறை இல்லாததால் படிக்க முடியாமல் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

தரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஷோத்கங்காவில் இருப்பதாலேயே ஓர் ஆய்வேடு சரியானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடல் எண் தவறாக இருக்கும், ஒருவர் செய்த பிழையை அடுத்த மூன்று பேர் அப்படியே தூக்கி வைத்திருப்பார்கள். மூலநூலைத் திறந்து பார்த்த பிறகே மேற்கோள் போடுங்கள். போடும்போது அந்தப் பக்கத்தில் 10603 என்று தொடங்கும் எண்ணோடு ஒரு நிலையான முகவரி இருக்கும், அதைக் கொடுங்கள், பிரவுசரில் தெரியும் நீள முகவரியை நம்ப வேண்டாம். எழுதியவர் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். வணிகத்துக்கு அல்லாமல், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் இவை இருக்கின்றன. தலைப்பு தேடும் கட்டத்தில் இருப்பவர்கள் ஷோத்கங்கோத்ரியையும் பார்க்கலாம், கங்கை தொடங்கும் இடத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள், பதிவு செய்தவர்களின் ஆய்வுச் சுருக்கம் அங்கே இருக்கும்.

என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரம் வந்தபோது டிடிபி கடை அண்ணன் வழக்கம்போல பழைய எழுத்துருவில்தான் அடித்து வைத்திருந்தார். நகலெடுத்தாலும் தேடினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றித் தாருங்கள் என்றேன். "எல்லாரும் இப்படித்தானேம்மா குடுக்கறாங்க, பக்கமெல்லாம் கலைஞ்சிடும்" என்றார். கலைந்ததும் உண்மைதான், ஒற்றெழுத்துகள் சில இடத்தில் பிரிந்து, அடிக்குறிப்புகள் இடம் மாறி, இரண்டு பேருமாக உட்கார்ந்து சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறந்து 'உப்பு' என்று தேடி, சொல் சிக்குகிறதா என்று பார்த்த பிறகுதான் சிடியில் ஏற்றினேன். படிவத்தில் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் கொடுத்தேன், நூலகத்தில் பதிகிற அக்காவிடம் அதை அப்படியே போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், அவரும் முகம் சுளிக்காமல் செய்தார். இப்போது சமர்ப்பிக்கப் போகிற தம்பி தங்கைகள் இந்த இரண்டையும் மட்டும் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டம் வாங்கிச் சில மாதம் கழித்து ஒரு நாள் தேடுபெட்டியில் 'உமணர்' என்று தமிழிலேயே தட்டினேன். முதல் பக்கத்திலேயே வந்தது.